லீவ் இருக்கு, எடுக்க முடியுதா? ஊழியருக்குத் திருப்தி தரும் பாலிசி எது, பேப்பரில் மட்டும் இருக்கும் பாலிசி எது?

2025 ஜனவரியில் ஒரு வீடியோ வைரலானது. எல் அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் தன் ஊழியர்களிடம் பேசும் வீடியோ. சனிக்கிழமையும் ஏன் வேலை என்ற கேள்விக்கு, ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்பதுதான் தன் வருத்தம் என்றார் அவர். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியையே பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்றும் கேட்டார். வாரத்துக்கு 90 மணி நேரம் என்ற கணக்கும் அந்தப் பேச்சில்தான் வந்தது.

அதற்கு முன், 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொல்லி ஒரு புயலைக் கிளப்பியிருந்தார். 90 மணி நேரப் பேச்சு வந்ததும் மீம்ஸ் பறந்தன. தன் மனைவி அற்புதமானவர், அவரைப் பார்த்துக்கொண்டு இருப்பது தனக்குப் பிடிக்கும் என்று ஆனந்த் மஹிந்திரா சொன்னதும் வைரலானது.

ஆனால் அடுத்து நடந்ததை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. இரண்டே மாதத்தில், 2025 மார்ச்சில், அதே எல் அண்ட் டி தன்னிடம் வேலை செய்யும் சுமார் 5,000 பெண்களுக்கு மாதம் ஒரு நாள் மாதவிடாய் விடுப்பு என்று அறிவித்தது.

ஒரே நிறுவனம். ஒரு பக்கம் 90 மணி நேரப் பேச்சு, இன்னொரு பக்கம் வரவேற்கத்தக்க ஒரு லீவ் பாலிசி. அங்கே வேலை செய்பவர் இந்த இரண்டில் எதை வைத்துத் தன் வேலையை எடைபோடுவார்? 'வொர்க் லைஃப் பேலன்ஸ்' பற்றிய விவாதத்தில் முக்கியமான கேள்வி இதுதான். இதற்குப் பதில் தேடி உலகம் முழுக்க ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சில பதில்கள் ஆச்சரியமானவை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

வாரத்துக்கு 90 மணி நேரம் என்பதை ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 15 மணி நேரம். 70 என்றால் கிட்டத்தட்ட 11 மணி 40 நிமிடம். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குப் போய்வரும் நேரம் இதில் சேராது.

இது வெறும் சோர்வு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016-ம் ஆண்டில் மட்டும் நீண்ட நேர வேலையோடு தொடர்புடைய இறப்புகள் 7,45,000 என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது.

இந்தியாவில் வேலை செய்பவர்களில் சுமார் பாதிப் பேர் ஏற்கெனவே வாரத்துக்கு 49 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறார்கள் என்கின்றன சர்வதேச தொழிலாளர் அமைப்பின் புள்ளிவிவரங்கள். இன்னும் உழையுங்கள் என்ற அறிவுரை, ஏற்கெனவே உழைப்பவர்களைப் பார்த்துத்தான் சொல்லப்படுகிறது.

மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே (2024-25) இதைத் தொட்டுப் பேசியது. ஒரு நாளைக்கு 12 மணி நேரமோ அதற்கு மேலோ மேஜை முன் உட்கார்ந்து வேலை செய்பவர்களின் மனநலம் கவலைக்குரிய நிலையில் இருப்பதாக ஓர் ஆய்வை மேற்கோள் காட்டியது. எல் அண்ட் டி சர்ச்சை ஓய்வதற்குள், அதே ஜனவரி கடைசியில் வந்த அறிக்கை அது.

சரி, கம்பெனிகள் எதுவுமே செய்யவில்லையா?

செய்கின்றன. பெரிய நிறுவனங்களின் எச்.ஆர். புத்தகத்தைத் திறந்தால் பட்டியல் நீளம். வருடாந்திர லீவ், வொர்க் ஃப்ரம் ஹோம், ஃப்ளெக்ஸி டைம், யோகா வகுப்பு, தியான ஆப், கவுன்சலிங் ஹெல்ப்லைன், வெள்ளிக்கிழமை ஆட்டம் பாட்டம். இவ்வளவும் இருந்தும் ஆள் ஏன் ராஜினாமா செய்கிறார் என்பதுதான் எச்.ஆர். துறைக்கே புரியாத புதிர்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் ஃப்ளெமிங் இந்தப் புதிரின் ஒரு பாதியை அவிழ்த்தார். பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளை அவர் ஆராய்ந்தார். மனஅழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சி, தியான ஆப், தூக்கத்துக்கான ஆப் போன்றவற்றில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டார். 2024-ல் வெளியான முடிவு: இரு தரப்புக்கும் மனநலனில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. பிறருக்கு உதவும் தன்னார்வப் பணிக்கு வாய்ப்பு தந்த திட்டங்கள் மட்டும் கொஞ்சம் பலன் காட்டின.

காரணம் புரியாதது அல்ல. இரவு 10 மணிக்கு கிளையன்ட் கால் இருக்கும் ஒருவருக்கு, மாலை 6 மணிக்கு யோகா வகுப்பு என்று மெயில் வந்தால் அது இன்னொரு வேலைதான். இந்த வகைத் திட்டங்கள், பிரச்சினை ஊழியரின் மனதில் இருக்கிறது, வேலை நேரத்தில் இல்லை என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கின்றன. வேலையின் அளவு, ஷிஃப்ட், ஆள் பற்றாக்குறை, இதில் எதையும் அவை தொடுவதே இல்லை.

பிறந்த தேதியை வைத்து நடந்த ஒரு பரிசோதனை

எது பலன் தருகிறது என்பதற்கு இதுவரை கிடைத்த நல்ல ஆதாரங்களில் ஒன்று, ஷாங்காயைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரிப் டாட் காம் என்ற பயணச் சேவை நிறுவனத்தில் நடந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

2021-22-ல் அந்த நிறுவனத்தில் இன்ஜினியரிங், மார்க்கெட்டிங், நிதிப் பிரிவுகளில் இருந்த 1,612 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒற்றைப்படை தேதியில் பிறந்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். இரட்டைப்படை தேதியில் பிறந்தவர்கள் ஐந்து நாளும் ஆபீஸ் வர வேண்டும். இப்படிப் பிரித்ததில் ஒரு வசதி உண்டு. நல்லா வேலை செய்பவருக்குத்தான் சலுகை கொடுத்தார்கள், அதனால்தான் ரிசல்ட் நல்லா வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பிறந்த தேதியை யாரும் தேர்ந்தெடுப்பது இல்லையே.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். ஐந்து நாளும் ஆபீஸ் வந்த குழுவில் வேலையை விட்டவர்கள் 7.2 சதவீதம். இரண்டு நாள் வீட்டில் இருந்த குழுவில் 4.8 சதவீதம். அதாவது ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத் திருப்தியும் கூடியிருந்தது. பெண்களிடமும், மேனேஜர் அல்லாதவர்களிடமும், தினமும் நீண்ட தூரம் பயணம் செய்பவர்களிடமும் இந்த மாற்றம் அதிகமாகத் தெரிந்தது.

வேலை கெட்டதா? இரண்டு வருட அப்ரைசலைப் பார்த்தார்கள், பதவி உயர்வைப் பார்த்தார்கள். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

இதில் சுவாரசியமான பாத்திரம் மேனேஜர்கள்தான். பரிசோதனைக்கு முன் அவர்களைக் கேட்டபோது, வீட்டில் இருந்தால் வேலை சராசரியாக 2.6 சதவீதம் குறையும் என்றார்கள். முடிந்த பிறகு கேட்டபோது, 1 சதவீதம் கூடும் என்றார்கள். வேலை குறையும் என்ற பயம் பெரும்பாலும் அனுபவத்திலிருந்து வருவதில்லை என்று இதைப் படிக்கலாம். ஸ்டான்ஃபோர்டு பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் ப்ளூம், ட்ரிப் டாட் காம் தலைவர் ஜேம்ஸ் லியாங் உள்ளிட்டோர் நடத்திய இந்த ஆய்வு, 2024 ஜூனில் 'நேச்சர்' இதழில் வெளியானது. முடிவு தெரிந்ததும் நிறுவனம் இரட்டைப்படைக்காரர்களுக்கும் அந்தச் சலுகையைக் கொடுத்துவிட்டது.

இதே நிறுவனத்தில் 2010-ல் இன்னொரு பரிசோதனை நடந்திருந்தது. அதன் கதை வேறு மாதிரி. அப்போது கால் சென்டர் ஊழியர்களில் விருப்பப்பட்ட 249 பேரை எடுத்து, ஒரு பகுதியினரை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். வேலையின் அளவு 13 சதவீதம் கூடியது. ராஜினாமா பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒன்பது மாதம் முடிந்து, இனி உங்கள் இஷ்டம் என்று சொன்னபோது, வீட்டில் இருந்தவர்களில் சுமார் பாதிப் பேர் ஆபீஸுக்கே வருகிறோம் என்றார்கள். தனியாக இருப்பது போரடிக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

அப்படி அவரவர் விருப்பத்துக்கு விட்டதும், வீட்டிலிருந்து வேலை செய்வதால் கிடைத்த பலன் 13-லிருந்து 22 சதவீதமாக ஏறியது. வீடு ஒத்துவந்தவர் வீட்டில், ஆபீஸ் ஒத்துவந்தவர் ஆபீஸில். பாலிசி அதேதான். தேர்வு மட்டும் கை மாறியது.

இந்திய ஐ.டி. துறையில் இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. டி.சி.எஸ். 2023 அக்டோபர் முதலே வாரத்தில் ஐந்து நாளும் ஆபீஸ் வரச் சொல்லிவிட்டது. ஆபீஸுக்கு வருவதே தவறு என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே உத்தரவு என்பதுதான் விலை அதிகமான முறை என்று அவை காட்டுகின்றன. அந்த விலை, ராஜினாமா கடிதமாக வருகிறது.

நாலு நாள் வேலை: அங்கே வேறு, இங்கே வேறு

பிரிட்டனில் 2022 ஜூன் முதல் டிசம்பர் வரை 61 நிறுவனங்கள், சுமார் 2,900 ஊழியர்கள், வாரத்தில் நாலு நாள் வேலை என்று முயன்று பார்த்தார்கள். சம்பளம் குறையாது, நேரம் மட்டும் குறையும். 71 சதவீதம் பேர் 'பர்ன் அவுட்' எனப்படும் அதீத சோர்வு குறைந்ததாகச் சொன்னார்கள். ராஜினாமா 57 சதவீதம் குறைந்தது. 61-ல் 56 நிறுவனங்கள் அதைத் தொடர்ந்தன.

ஐஸ்லாந்தில் 2015 முதலே தலைநகர் ரெய்க்யவிக் மாநகராட்சியும் பிறகு அந்நாட்டு அரசும் இதைச் செய்து பார்த்தன. மருத்துவமனை, மழலையர் பள்ளி, அலுவலகம் என்று 2,500-க்கும் மேற்பட்டோர். வாரம் 40 மணி நேரம் என்பது 35, 36 ஆனது. வேலை தேங்கவில்லை.

பிரிட்டன் கணக்கைக் கொஞ்சம் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நிறுவனங்கள் தாமாக முன்வந்தவை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. ஷாங்காய் ஆய்வு அளவுக்கு அதன் மேல் பாரம் ஏற்ற முடியாது.

இந்தியாவிலும் நாலு நாள் வேலை வருகிறது என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு சுற்றியது நினைவிருக்கலாம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த பிறகு இது மறுபடி கிளம்பியது. ஆனால் இங்கே பேசப்படுவது நாளுக்கு 12 மணி நேரம் வீதம் நாலு நாள். கூட்டிப் பார்த்தால் அதே 48 மணி நேரம். பிரிட்டனில் குறைந்தது வேலை நேரம், இங்கே குறைவது வேலை நாள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் ஏமாந்துவிடக் கூடாது.

12 மணி நேரம் என்றதும் தமிழ்நாட்டில் ஏன் கொதிக்கிறது?

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. தினசரி வேலை நேரம், வாராந்திர வேலை நேரம், இடைவேளை, ஓவர்டைம் பற்றிய பிரிவுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அது அரசுக்குக் கொடுத்தது. தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. காங்கிரஸ், இடதுசாரிகள், வி.சி.க. என்று வெளிநடப்பு நடந்தது.

ஊழியர் விரும்பினால் மட்டும்தான் 12 மணி நேரம் என்பது அரசின் விளக்கம். விருப்பம் என்ற சொல் தொழிற்சாலை வாசலில் என்ன பொருள் தரும் என்பது தொழிற்சங்கங்களின் கேள்வி. சூப்பர்வைசர் 'உனக்கு இஷ்டமா?' என்று கேட்கும்போது இல்லை என்று சொல்ல முடிகிறவர்கள் எத்தனை பேர்? மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று, சென்னை மே தினப் பூங்காவில் நடந்த நிகழ்ச்சியில், திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

ஷாங்காய் பரிசோதனையில் இருந்ததும் விருப்பம்தான், இந்த மசோதாவில் சொல்லப்பட்டதும் விருப்பம்தான். முதலாவதில் ஊழியர் வேண்டாம் என்றாலும் அவருக்கு நஷ்டம் இல்லை. இரண்டாவதில் அந்த உத்தரவாதம் எங்கேயும் எழுதப்படவில்லை.

சட்டம் யாருக்கு, யாருக்கு இல்லை?

இந்தியாவில் வேலை நேரத்துக்கு வரம்பே இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. வரம்பு உண்டு. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதேதான் சொல்கிறது. அதற்கு மேல் வேலை வாங்க ஊழியரின் சம்மதம் வேண்டும், இரண்டு மடங்கு ஊதியம் கொடுக்க வேண்டும். கடைகள், அலுவலகங்களுக்குத் தமிழ்நாட்டில் 1947-ம் ஆண்டுச் சட்டமே இந்த வரம்பைப் போட்டிருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், சட்டம் 'தொழிலாளர்' என்று யாரைச் சொல்கிறது என்பதில். மேலாண்மை, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அதில் வர மாட்டார். மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் வர மாட்டார். அதனால்தான் மூன்று வருட அனுபவத்திலேயே விசிட்டிங் கார்டில் 'அசிஸ்டன்ட் மேனேஜர்' என்று அச்சாகும்போது சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா என்று தெரிவதில்லை.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. வழக்கு என்று வந்தால் நீதிமன்றங்கள் கார்டில் இருக்கும் பட்டத்தைப் பார்ப்பதில்லை, அவர் உண்மையில் என்ன வேலை செய்தார் என்றுதான் பார்க்கின்றன. யாருக்கும் லீவ் சாங்ஷன் செய்யும் அதிகாரம் இல்லாத 'மேனேஜர்', சட்டத்தின் கண்ணில் தொழிலாளராக இருக்க வாய்ப்பு இருக்கிறது.

சட்டம் இருந்தும் கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024-ல் புனேயில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கேரளாவைச் சேர்ந்த 26 வயது சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் ஒருவர், ஒரு பன்னாட்டுக் கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்த நான்கே மாதத்தில் இறந்துபோனார். அளவுக்கு மீறிய வேலைச்சுமைதான் காரணம் என்று அவருடைய அம்மா நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. நிறுவனம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. ஆனால் விசாரிக்கப் போன மகாராஷ்டிர தொழிலாளர் துறைக்கு வேறொன்று தெரியவந்தது. வேலை நேரத்தை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டத்தின் கீழ் பதிவு பெறாமலேயே அந்த அலுவலகம் 2007 முதல் நடந்துவந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடை எதுவும் இல்லை என்று மாநில அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. பல ஊழியர்களுக்கு அது இன்றும் தெரியாது.

ஒரு நாற்காலிக்கு ஒரு சட்டம்

'பணி வாழ்க்கைச் சமநிலை' என்று அரசு அறிக்கைகளில் எழுதுகிறார்கள். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'எத்தனை மணிக்கு வருவ?' என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை ஐ.டி. பூங்காவோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். தி.நகர் ரங்கநாதன் தெருவில் புடவை எடுத்துக் காட்டும் பெண்ணுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம் கிடையாது, ஃப்ளெக்ஸி டைம் கிடையாது. அவருக்குத் தேவைப்பட்டது அதைவிடச் சின்னது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு இடம்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் கழிப்பறை வேண்டும், உட்கார விட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தில் புதிய பிரிவைச் சேர்த்தது. இதன்படி கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம். நாற்காலி கொடுப்பது நிர்வாகத்தின் நல்ல மனதைப் பொறுத்தது என்ற நிலை அதோடு போனது.

அடுத்த முறை துணிக்கடைக்குப் போகும்போது கொஞ்சம் கவனியுங்கள். சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் துணி பண்டல் இருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் இன்னொரு ஷிஃப்ட்

பெண்கள் விஷயத்தில் கணக்கு இன்னும் கறாரானது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இதே ஆபீஸ் நேரம், இதே லீவ் இருவருக்கும் கிடைத்தாலும், ஒருவருக்கு அது ஓய்வு, இன்னொருவருக்குச் சமையலறை.

2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 12-லிருந்து 26 வாரம் ஆனது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றும் ஆனது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 12 மாதம். ஆனால் தனியார் துறையில் அப்பாவுக்கு லீவ் கொடுக்க வேண்டும் என்று பொதுவான சட்டம் இல்லை. லீவ் முழுவதும் அம்மாவின் பெயரில் இருப்பதால், குழந்தை வேலையும் முழுவதும் அவர் பெயரிலேயே எழுதப்படுகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது சில நிறுவனங்கள் இதையே ஒரு 'செலவாக' கணக்குப் போடுகின்றன.

ஆபீஸ் முடிந்தும் போன் அடித்தால்?

பிரான்ஸில் 2017 ஜனவரி 1 முதல், 50-க்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிந்தைய மெயில், போன் பற்றி ஊழியர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் இந்த உரிமை இருக்கிறது. அங்கே சட்டம் போனைத் தடை செய்யவில்லை. மேனேஜர் கூப்பிடலாம். ஆனால் எடுக்காத ஊழியர் மீது, நியாயமான காரணம் இல்லாமல் நடவடிக்கை எடுக்க முடியாது. தகராறு வந்தால் முடிவு சொல்ல ஓர் ஆணையம் இருக்கிறது. அவசரம் என்பது உண்மையிலேயே அவசரமா, வேலைக்கு அதற்கான சம்பளம் தரப்படுகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

இந்தியாவில் தேசியவாத காங்கிரஸ் எம்.பி. சுப்ரியா சுலே இதே நோக்கத்தில் 2018-ல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2025 டிசம்பரில் மீண்டும் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாவின் தலையெழுத்து தெரிந்ததுதான். சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமானவை மொத்தம் 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல்.

அதுவரை என்ன செய்யலாம்?

வேலையில் சேரும் முன் எத்தனை நாள் லீவ் என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் டீமில் போன வருடம் சராசரியாக எத்தனை நாள் எடுத்தார்கள் என்று கேட்பது இன்னும் பயனுள்ளது. ரோஸ்டர் எத்தனை நாளுக்கு முன்பு வரும், கடைசி நேரத்தில் மாறுமா, மாறினால் மறுக்கலாமா என்பதும் அப்படித்தான். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

லீவை வாய்வார்த்தையில் கேட்காமல் மெயிலிலோ ஆப்பிலோ விண்ணப்பியுங்கள். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, கேட்டு மறுக்கப்பட்ட சம்பள விடுப்பை வரம்பில்லாமல் அடுத்தடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற விதி இருந்தது. 'சார்கிட்ட சொன்னேன், வேணாம்னுட்டார்' என்பதற்குச் சாட்சி கிடையாது. புதிய தொகுப்பில் சம்பள விடுப்புக்குத் தகுதி பெற வேலை செய்திருக்க வேண்டிய நாட்கள் 240-லிருந்து 180 ஆகக் குறைந்திருக்கிறது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவ் என்பது கணக்கு.

அதே தொகுப்பின்படி ஒவ்வொரு ஊழியருக்கும் நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். அதில் வேலை நேரம் என்ற இடத்தில் மணிக்கணக்கு எழுதியிருக்கிறதா, இல்லை 'நிறுவனத்தின் தேவைக்கேற்ப' என்று மட்டும் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்.